மாமனார் பெயர்

பாகூரில் நான் பிறப்புப் பதிவு எழுத்தராக இருந்தபோது, காலில் நாற்றங்கால் சேறு காயாமல் ஓர் அம்மாள் வந்தார். சைகோன் கப்பலுக்குப் புதுச்சேரியில் காத்திருந்த மகனுக்காக, அவன் பிரெஞ்சுக் குடிமகன் என்று காட்ட, அவன் தாத்தாவின் பிறப்புப் பதிவைக் கேட்டார்.

“பேரு?”

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். “மாமனார் பேர நான் எப்பிடிங்க சொல்றது?”

“மவன் பேராவது சொல்லும்மா.”

மறுபடியும் முந்தானை. “அவுரு பேருதாங்க அவனுக்கும். நான் தம்பின்னுதான் கூப்புடுவேன்.”

“பேரு இல்லாம இன்னாத்தத் தேடறது? போம்மா.”

உச்சிவேளைவரை வாசலிலேயே நின்றார். பிறகு வரவேயில்லை.

என் மனைவியும் என் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. எனக்கா தெரியாது அந்த வழக்கம்? அவர் ஊர்ப் பதிவேட்டைத் திறந்து பெயர்களை ஒவ்வொன்றாக நான் வாசித்திருந்தால் போதும். அவர் தலையாட்டியிருப்பார்.