உள்ளே வைத்த வெள்ளைக் கீற்று

1. பாய் எழுந்து போனது

சிதம்பரம் காதர் பாய், கொண்டுவந்த ஐந்து கத்தியையும் திரும்பத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். போட்டுக் கொடுத்த டீ பாதி டம்ளரிலேயே இருந்தது.

நான் சவரக் கத்திக்குக் கைப்பிடி செய்கிறவள். கடலூர் செம்மண்டலத்தில் என் வீட்டுப் பின்பக்கத்துக் கொட்டகைதான் பட்டறை. எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும், அதனால் நான் சொல்ல மகள் எழுதுகிறாள்.

மடக்குக் கத்தியின் பிடிக்கு இரண்டு பக்கம். நடுவில் அலகு வந்து உட்கார வேண்டும், எதிலும் தொடக் கூடாது. எருமைக் கொம்பை அறுத்து, சூடு காட்டி, வைஸ் இடுக்கியில் நெருக்கித் தட்டையாக்கி, அரம் போட்டு, உப்புத்தாளில் தேய்த்து, பித்தளை ஆணி அடித்து முடிப்பேன். வீட்டுக்காரர் சலூன் வைத்திருந்த காலத்திலேயே பிடி வேலை என்னுடையதுதான். ஆணி அடிக்கக்கூட அவரைக் கூப்பிட்டதில்லை.

இப்போது சலூனில் எல்லாம் பிளேடு மாற்றுகிற கத்தி. ஆனால் பழைய எஃகுக் கத்தியைத் தேடி வாங்குகிற ஆசைக்காரர்கள் நிறைய இருக்கிறார்கள். பாய்க்கு சலூன் சாமான் கடை. பிடி போன கத்திகளைச் சேர்த்து, என்னிடம் பிடி போட்டு, போனில் படம் காட்டி அவர்களுக்கு விற்கிறார். வீட்டுக்காரர் போன பிறகு எனக்கு வேலை கொடுக்கிற ஒரே ஆள் அவர்தான். அவர் வராவிட்டால் கொட்டகையைப் பூட்டிவிட்டு அண்ணாகிராமத்தில் மகள் வீட்டில் போய் உட்கார வேண்டியதுதான். அவள் அறையைக்கூட ஒழித்து வைத்திருந்தாள்.

சண்டை இதற்குத்தான். அந்தத் தடவை கிடைத்த கொம்பில் உட்பக்கம் நீளமாக ஒரு வெள்ளைக் கீற்று. பார்க்க அழகு. அது பிடியின் வெளியே தெரிய வேண்டும் என்றார் பாய். முடியாது என்றேன்.

“ஏன் முடியாது? திருப்பி வச்சு ஆணி அடிக்கப் போறீங்க, அவ்ளோதானம்மா.”

“கையக் கூப்புங்க பாய். நடுவுல குழி இருக்குதா? கொம்போட வெளித்தோல் வெளிய இருந்தா அப்படித்தான் நிக்கும். இப்ப புறங்கையும் புறங்கையும் ஒட்டிப் பாருங்க. நடுவுல இடிக்குது பாருங்க. கத்தி வாய் அங்கதான் வந்து படும்.”

அவர் கையைத் தூக்கவே இல்லை. “நான் கத்தி குடுக்க வந்தேம்மா, கும்பிட வரல.” சிதம்பரத்திலேயே பாலிஷ் போடுகிற ஆள் இருக்கிறான், கேட்டபடி செய்வான் என்று சொல்லிவிட்டு, அந்தக் கொம்பில் ஒரு துண்டையும் எடுத்துக்கொண்டு போனார்.

2. மகள் சொன்னது

மகளுக்குப் போனில் சொன்னேன். அவள் என் பக்கம் பேசவில்லை. இதையும் அவள் கையாலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன்.

“கேட்ட மாதிரி செஞ்சு குடுத்துட்டுப் போவியா. கெட்டா அவரு பாடு.”

“கெட்டா கத்தி கெடும்டி. பிடி போட்டவ நானு.”

“அப்ப பொட்டியக் கட்டு.”

கொம்பை எவ்வளவு நெருக்கித் தட்டையாக்கினாலும், ஈரம் ஏறினால் தன் பழைய வளைவுக்குத்தான் திரும்பும். வெயில் காலத்தில் நேராக நின்று ஏமாற்றும். புரட்டாசி முழுக்க வேலை இல்லை. அரங்களுக்கு எண்ணெய் தடவி வைத்தேன். பெட்டி கட்டவில்லை.

3. ஐப்பசி மழையில்

கொடியில் போட்ட துணி காயாத ஒரு நாள், பாய் குடையோடு வந்தார். எங்கள் தொழிலில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டோம், கீழே வைப்போம், மற்றவர் எடுத்துக்கொள்வார். அவர் ஒரு கத்தியை மேடையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார். பிடியின் வெளியே வெள்ளைக் கீற்று பளபளவென்று இருந்தது. திறந்தேன். பிடி நடுவில் உள்வாங்கி இடித்ததில், அலகின் வாயில் எள் அளவுக்கு மூளி.

“மத்த நாலு?”

“அதெல்லாம் அவங்கிட்ட குடுக்கல. இது ஒண்ணுதான்.”

சாணை பிடித்தால் மூளி போய்விடும் என்று சொன்னதும்தான் ஸ்டூலில் உட்கார்ந்தார். குடையைச் சுவரில் சாய்த்தார். பிறகு இரண்டு கையையும் கூப்பி, நடுவில் இருந்த குழியைப் பார்த்தார். புறங்கைகளை ஒட்டி வைத்தும் பார்த்தார்.

“இத அன்னைக்கே செஞ்சு பாத்திருக்கலாம்.”

“அன்னைக்கு நீங்க கும்பிட வரலியே.”

சிரித்துவிட்டார். ஆனால் ஆசை விடவில்லை. “அந்த வெள்ளை வீணாப் போவுதேம்மா?”

“உள்ளதான் இருக்கும் பாய். கத்தியத் தெறக்கிறவருக்குத் தெரியும்.”

“மூடி வச்சிருந்தா?”

“மூடி வச்சிருந்தா கத்தி பத்திரமா இருக்கும்.”

ஐந்துக்கும் நானே பிடி போட்டேன். அன்றைக்கு டீயை முழுக்கக் குடித்தார். இப்போது அவர் கத்தியைத் திறந்து வைத்துத்தான் படம் எடுக்கிறார். உட்பக்கக் கீற்று வேண்டும் என்றே கேட்டு வருகிறார்களாம்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கொம்பு எந்தப் பக்கம் வளையும் என்று பார்த்துப் பிடி போடுங்கள். அழகு அதற்கு ஏற்ற இடத்தில் இருந்துகொள்ளும். கேட்கிறவர் கோபித்துக்கொண்டு போனால் போகட்டும், மழைக்காலம் வரை பொறுத்திருங்கள்.

அண்ணாகிராமத்து அறையில் மகள் இப்போது முந்திரி மூட்டை அடுக்கியிருக்கிறாள்.