ஒன்பது அங்குலமும் ஒரு கழிவுக் குழாயும்

மேல்வீட்டுக்காரர் குளித்த தண்ணீர் என் குளியலறைத் தரையில் வந்து நின்ற காலையில் எனக்கு உண்டான சந்தோஷத்தை இப்போது நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. மனைவி வாளியும் விளக்குமாறுமாக நின்றாள். நான் சாரத்தை முழங்காலுக்கு மேல் மடித்துக் கட்டிக்கொண்டு, நுரை மிதந்த அந்தச் சாம்பல் நிறத் தண்ணீரை, பரீட்சை முடிவு பார்ப்பவனைப் போலக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறு வருடமாக நான் தேடியது கிடைத்துவிட்டது. அவர் மேல் ஒரு குற்றம்.

எங்கள் வீடு கண்டி வாவிக்கு மேலே, சரிவில் இருக்கிறது. இந்த ஊரில் அயலவர் பக்கத்தில் இருப்பதில்லை. மேலே இருப்பார், அல்லது கீழே இருப்பார். மேலே இருப்பவருடைய மழைத் தண்ணீர், உதிர்ந்த இலை, குழந்தைகளின் பந்து, கருவாடு பொரிக்கும் வாசனை எல்லாம் கீழே இருப்பவனுக்கு வந்து சேரும். கீழேயிருந்து மேலே போகக்கூடியவை புகையும் வசவும் மட்டுமே.

எங்களுக்கு மேலே இருந்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து நில அளவை வேலைக்கு வந்து, ஓய்வு பெற்று, மனைவியோடு இங்கேயே தங்கிவிட்டவர். வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். குரலை உயர்த்தியே பேசமாட்டார், அதுவே எனக்குப் பெரிய எரிச்சல். ஆறு வருடத்துக்கு முன் நான் ஆசை ஆசையாகப் பின்பக்கம் ஒரு மதில் கட்டி, வெள்ளையும் அடித்து முடித்த மறுநாள், அவர் தன் பழைய துணி நாடாவை எடுத்துக்கொண்டு வந்தார். இரண்டு முறை அளந்தார். பிறகு மதிலைப் பார்த்தே சொன்னார்:

“ஒன்பது அங்குலந்தான், தம்பி. ஆனால் அது உங்கட காணி இல்லையே.”

இடித்தேன். ஒன்பது அங்குலம் உள்ளே தள்ளித் திரும்பக் கட்டினேன். அந்த வருட நத்தாருக்கு அவர் வீட்டிலிருந்து வழக்கம்போலக் கேக் வந்தது. அதையும் பழிவாங்கும் எண்ணத்தோடுதான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது, அதனால் கோபம் கூடியது.

இரண்டு வீடுகளையும் வெள்ளைக்காரன் காலத்தில் ஒரே ஆள் கட்டியிருக்கிறார். ஆகவே இரண்டுக்கும் ஒரே கழிவுக் குழாய். அவர்கள் வீட்டுக் கக்கூசும் குளியலறையும் எங்கள் வளவுக்குள் இறங்கி, ஜம்பு மரத்தடியில் எங்களுடையதோடு சேர்ந்து, கீழ்ச் சாலையின் பெரிய குழாய்க்குப் போகும். அந்தப் பாதைக்கு எழுத்தில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. வீடுகள் வெவ்வேறு கைக்குப் போனபோது யாரும் அதைப் பற்றி நினைக்கவில்லை. நான் நினைத்தேன். ஆறு வருடமாக அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த இடத்தில் என் தொழிலையும் சொல்லிவிட வேண்டும். அப்பா காலத்திலிருந்தே டவுனில் எங்களுக்கு ஒரு ஹார்ட்வெயார் கடை. குழாய் விற்கிறோம். பத்திரிகையில் நகைச்சுவைக் கட்டுரை எழுதுவது எனக்கு ஞாயிற்றுக்கிழமைத் தொழில். மற்ற ஆறு நாளும் பி.வி.சி.தான். அடைப்பு என்று வருகிறவர்களுக்கு நான் கொடுக்காத ஆலோசனை இல்லை. ஒரு தொட்டி மட்டும் அடைத்தால் அதன் கிளைக் குழாயைப் பாருங்கள். எல்லாம் ஒன்றாக அடைத்தால் தாய்க் குழாயைப் பாருங்கள். அடைப்பு எங்கே இருந்தாலும் வீட்டில் ஆகத் தாழ்வாக இருக்கும் துவாரம்தான் முதலில் பொங்கும். தேங்காய்ப்பால் சட்டி கழுவிய கொழுப்பு, பருப்பு, பாத்திரம் தேய்க்கும் தும்பு, தலைமுடி, துணி எதையும் உள்ளே விடாதீர்கள். கூரைப் பீலித் தண்ணீரை அதில் சேர்க்காதீர்கள். இத்தனையும் சொல்லி, கையில் ஒரு பேணி காஸ்டிக் சோடாவையும் கொடுத்து அனுப்புவேன்.

அதே பேணியை நானும் உடைத்தேன். கக்கூசுப் பீங்கான் புதிதுபோலப் பளபளத்தது. தண்ணீர் இறங்கவில்லை. ரப்பர் கப்பை வைத்து அரைமணி நேரம் குத்தியதில் என் தோள்தான் இறங்கியது. அதன் பிறகு துப்பறிய ஆரம்பித்தேன். வீட்டில் யாரும் ஒரு பைப்பையும் திறக்கக் கூடாது என்று உத்தரவிட்டு, கதிரையைக் குளியலறை வாசலில் போட்டு உட்கார்ந்தேன். காலை ஆறரைக்கு மேல்வீட்டில் குளிக்கும் சத்தம் கேட்டது. ஆறே முக்காலுக்கு எங்கள் தரைத் துவாரத்திலிருந்து தண்ணீர் எழுந்தது. மூன்று நாள் இப்படிக் குறித்து வைத்தேன். ஒரு கனவானின் குளியல் நேரத்தை இவ்வளவு பக்தியோடு வேறு யாரும் பதிவு செய்திருக்கமாட்டார்கள்.

நியாயமாகப் பார்த்தால் இதிலிருந்து தெரிவது ஒன்றுதான்: அடைப்பு எங்கள் இரண்டு வீட்டுக்கும் கீழே எங்கேயோ இருக்கிறது. யார் அடைத்தார்கள் என்பது தெரியாது. என் கடைக்கு வந்தவன் யாராவது கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் நான் என் கடைக்குப் போகவில்லை, மேசைக்குப் போனேன்.

நகரசபைக்கு நான் எழுதிய மனுவைப் போல ஒன்றை என் வாழ்நாளில் எழுதியதில்லை. நகைச்சுவையை முற்றாக விலக்கியிருந்தேன். மேல்வீட்டின் சமையற்கட்டு, அதன் எண்ணெய், அதன் தும்பு, டிசம்பரில் அங்கே தங்கிப்போகும் உறவினர் கூட்டம், எல்லாவற்றையும் ஒழுங்காக வரிசைப்படுத்தி, கடைசியில் இப்படி முடித்தேன்: ‘இந்த அடைப்புக்குக் காரணமான வீட்டின் இணைப்பைத் தாமதமோ தயவோ இன்றித் துண்டிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.’ தயவோ என்ற சொல்லைப் போட்டுவிட்டு எழுந்து போய்த் தேநீர் குடித்தேன்.

அதன் பொருள் எனக்கு நன்றாகத் தெரியும். மேல்வீடு முழுப் பாறையில் நிற்கிறது. குழி தோண்ட இடம் இல்லை. இணைப்பு போனால் அவர்கள் வீட்டை விட்டுப் போகவேண்டியதுதான். அந்த அம்மா போன வருடம் விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார் என்பதும் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். வாசலில் ‘விற்பனைக்கு’ என்ற பலகை எந்த நிறத்தில் இருந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட யோசித்தேன். மனுவின் பிரதி ஒன்றை அவருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். என் வாசலிலிருந்து அவர் வாசலுக்கு நாற்பது படி. தபால் கந்தோருக்கு ஒரு மைல்.

இரண்டு வாரம் கழித்து நகரசபையிலிருந்து ஒருவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். தோளில் பிளந்த மூங்கில் கட்டு, கையில் மூடி நெம்ப ஓர் அலவாங்கு, சட்டைப் பையில் ஒரு படிவம். காரணத்தைக் கண்டு அந்தப் படிவத்தில் எழுதிக் கொடுக்கவேண்டியது அவர் பொறுப்பு. அதை வைத்துத்தான் கந்தோரில் தீர்மானிப்பார்கள். மேல்வீட்டுக்காரரும் ஒரு கோப்போடு படியிறங்கி வந்தார். கதிரை போட்டேன், தேநீரும் வந்தது. எதிரிக்குக் கதிரை போடும்போது நாம் பெரிய மனிதராகிவிடுகிறோம்.

வந்தவர் அவசரப்படவில்லை. முதலில் கீழ் வேலியோரம் இருந்த மேன்ஹோலைத் திறந்தார். காய்ந்து கிடந்தது. பிறகு ஜம்பு மரத்தடியில் புல்லைச் செதுக்கி இன்னொன்றைத் திறந்தார். விளிம்பு வரை நிறைந்திருந்தது. கீழே காய்ந்தும் மேலே நிறைந்தும் இருந்தால் கோளாறு நடுவில் என்று சொல்லி, மூங்கிலை ஒன்றோடொன்று கட்டிக் கீழ்ப்பக்கத்திலிருந்து செலுத்தினார். பதினோரு அடியில் நின்றது. திருகி இழுத்தபோது முதலில் வேர் வந்தது, பிரிபிரியாக, தலைமுடியைப் போல.

“ஜம்பு யாரு வச்சது, மொதலாளி?” என்று கேட்டார்.

நான்தான் வைத்தேன். பழைய மண் குழாயின் பொருத்துகளில் தண்ணீர் கசியும், அந்த ஈரத்தைத் தேடி வேர் உள்ளே நுழையும் என்று அவர் விளக்கினார். எனக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் வேர் மட்டும் என்றால் தண்ணீர் ஊறி ஊறிப் போயிருக்கும், அதில் வேறு ஏதோ வந்து சிக்கியிருக்கிறது என்றார். எனக்கு உயிர் வந்தது. தும்பு என்றேன். கொழுப்பு என்றேன். டிசம்பர் என்றேன். மேல்வீட்டுக்காரர் கொண்டுவந்த கோப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

இரண்டாவது இழுப்பில் அது வந்தது. கறுப்பாக, மாட்டு வாலைப் போல, ஒரு ஆள் நீளத்துக்கு. அவர் அதை வாளித் தண்ணீரில் அலசினார். அலச அலசக் கறுப்புப் போய், நூல் தெரிந்தது. நூலும் வாழைநாரும், முறுக்கி முறுக்கி, கயிறாகிப் போயிருந்தன. நடுவே ஒரு சரிகைத் துண்டு மினுங்கியது.

“தும்பு இல்லங்க. மாலை கட்டுற நூலு,” என்றார்.

வேதக்கார வீட்டில் மாலை ஏது? பின்கதவில் நின்ற என் மனைவிதான் மெதுவாகக் கேட்டாள்:

“வெள்ளிக்கெழம பூவெல்லாம் நீங்க எங்க போட்டீங்க?”

சாமிக்கு வைத்த பூவைக் குப்பையில் போடக்கூடாது, கால் படும் இடத்தில் கொட்டக்கூடாது, ஓடும் தண்ணீரில் விடவேண்டும் என்பது எங்கள் வீட்டில் மீறமுடியாத கட்டளை. பூசை அவளுடையது, பூவை விடுவது என்னுடையது. மகாவலி ஆற்றுக்கு மூன்று மைல் போகவேண்டும். என் பின்மதிலுக்கடியில், கல்லுக்கட்டின் மூலையில், உடைந்த பலகைக்கல்லின் கீழே நான் போகும் காலைகளில் எல்லாம் சலசலவென்று தண்ணீர் ஓடும். மலை ஊற்று. அப்படித்தான் நான் முடிவு செய்திருந்தேன். இந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து, வெள்ளி தவறாமல், மாலையோடும் நாரோடும் அதற்குள் விட்டுவந்தேன். எல்லாம் மகாவலிக்குப் போய்ச் சேரும் என்று மனைவிக்கு வாக்கும் கொடுத்திருந்தேன்.

“ஊத்துல,” என்றேன்.

“எந்த ஊத்து?” என்றார் வந்தவர்.

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். மேல்வீட்டுக்காரரும் பின்னால் வந்தார். நகரசபைக்காரர் மண்டியிட்டு, கல்லை நகர்த்தி, குனிந்து முகர்ந்தார். எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

“இது ஊத்து இல்லங்க, மொதலாளி. மேல்வீட்டுல குளிக்கிற தண்ணி வர்ற கிளைக் குழாய். நேரா ஜம்பு மரத்தடிக்குத்தான் போகுது.”

“ஓம். சந்தன சோப் மணக்கும்,” என்றார் மேல்வீட்டுக்காரர். “என்ர மனுசி வேற ஒண்டும் பாவிக்கமாட்டா.”

அந்த மணத்தை நான் அறிவேன். மலையில் எங்கோ சந்தன மரம் இருக்கவேண்டும் என்று மனைவிக்கு ஒருமுறை விளக்கியும் இருக்கிறேன். அவள் அப்போது நம்பினாள். இப்போது என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

வந்தவர் படிவத்தை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டு, காரணம் என்ற இடத்தில் பேனாவை ஊன்றினார். என்ன எழுத என்று கேட்டார். என்னைப் பார்த்துத்தான் கேட்டார். மேல்வீட்டுக்காரர் கோப்பைத் திறந்தார். உள்ளே என் மனு, நான்கு மூலையும் மடங்காமல். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரியை மட்டும் வாசித்தார். காரணமான வீட்டின் இணைப்பு. தாமதமோ தயவோ இன்றி. யாழ்ப்பாணத்துக் குரலில் அது நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது.

“வடிவா எழுதியிருக்கிறியள், தம்பி,” என்றார்.

பிறகு காகிதத்தை மடித்து உள்ளே வைத்தார். வந்தவரிடம் சொன்னார்:

“மரவேர் எண்டு எழுதுங்கோ. பொய்யில்லைத்தானே.”

அவர் அப்படியே எழுதினார். அந்த ஒரு சொல்லில் என் கக்கூசு பிழைத்தது. மேல்வீட்டுக்காரர் கத்தியிருக்கலாம், சிரித்திருக்கலாம், படியேறிப் போய் அந்த அம்மாவிடம் சொல்லி இருவருமாக என்னைப் பார்த்திருக்கலாம். எதையாவது செய்திருந்தால் நானும் பதிலுக்கு எதையாவது செய்திருப்பேன். ஒன்றும் செய்யாமல், குடித்த தேநீர்க் கோப்பையைக் கதிரையின் கீழே ஓரமாக வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரமே ஜம்புவைத் தறித்தோம். வேர் புகுந்த மண் குழாய்களைத் தோண்டி எடுத்துவிட்டு, என் கடையிலிருந்தே நாலு அங்குல பி.வி.சி. கொண்டுவந்து போட்டோம். மூலையில் இருந்த உடைந்த கல்லுக்குப் பதிலாகக் கொங்கிறீட் மூடி வந்தது. குழாய்க்குச் சரிவு பார்க்க மேல்வீட்டுக்காரர் கேட்காமலே வந்தார், அதே துணி நாடாவோடு. பத்தடிக்கு மூன்று அங்குலம் இறங்கவேண்டும், குறைந்தால் தேங்கும், கூடினால் தண்ணீர் ஓடிப்போய் மற்றது தங்கும் என்றார். நான் தலையாட்டினேன். இருபது வருடமாகக் குழாய் விற்கிறவன்.

அதோடு முடிந்திருந்தால் மன்னித்திருப்பேன். அடுத்த செவ்வாய்க்கிழமை காலை, மேல்வீட்டுக்காரர் தன் மனைவியைப் பேராதனை ஆஸ்பத்திரிக்கு இடுப்புப் பயிற்சிக்குக் கூட்டிப்போகிற வழியில், காரை என் வாசலில் நிறுத்தி இறங்கினார்.

“பூ இருக்கோ, தம்பி? ஆத்தங்கரையாலதான் போறம். நான் விட்டுட்டு வாறன்.”

வேண்டாம் என்று சொல்ல நான் வாயெடுப்பதற்குள், என் மனைவி உள்ளேயிருந்து பையைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஆற்றில் விடுகிறார் என்று அந்த அம்மா அவளிடம் சொன்னாராம். ஒரு வேதக்காரர், செவ்வாய் தவறாமல், என் சாமிப் பூவை மகாவலியில் விடுகிறார். ஒருமுறை வேண்டுமென்றே ஈரப் பூவாகப் போட்டு, பை சொட்டச் சொட்டக் கொடுத்தேன். காரின் தரைக்கு ஒரு பழைய சாக்கை விரித்துக்கொண்டு போனார்.

திரும்பி வந்ததும் பையைக் கழுவி, தான் அளந்து உள்ளே தள்ளவைத்த அந்த மதிலின் மேல் காயப் போடுவார். காற்றில் பறக்காமல் ஒரு சின்னக் கல்லும் வைப்பார். அவர் படியேறி, கதவு சாத்தும் சத்தம் கேட்கும் வரை நான் அதை எடுப்பதில்லை.