கவின் பார்த்த திசை

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஆராய்வது என் தொழில். இதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரிந்தேதான் சொல்கிறேன்.

ஜொகூர் பாருவில் எங்கள் ஆய்வகத்தில் முனைவர் பட்டம் முடித்து ஆய்வு செய்தவர்கள் இருவர், நானும் ஷாமினியும். அடுத்த ஆண்டு ஒப்பந்தம் ஒருவருக்குத்தான். என் ஆய்வு முடிய ஒரே ஒரு குழந்தையின் பதிவு பாக்கி. ஆனால் குழந்தைகள் என்னைக் கண்டால் அழும். ஷாமினி இடப்பக்கத் தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து சோப்புக் குமிழி ஊதினால் போதும், சென்சார் தொப்பி மாட்டியதே தெரியாமல் சிரிக்கும். பட்டம், கட்டுரைகள், வேலை நேரம், மூன்றிலும் நான்தான் மேல். பட்டியல் போட்டே பார்த்திருக்கிறேன்.

தன் அக்கா கல்யாணத்துக்கு ஷாமினி மெர்சிங் போன சனிக்கிழமை மதியம், அவளிடம் சொல்லாமலே உலு திராமிலிருந்து ஏழு மாதக் கவினை வரவழைத்தேன். என் ஆய்வு அவளால்தான் முடிந்தது என்று யாரும் சொல்லிவிடக் கூடாது.

வாசலில் என்னைப் பார்த்ததுமே கவின் வீறிட்டான்.

"அலமாக், ஏன்டா இப்படிக் கத்துற?" என்றார் அவன் அம்மா. "போன தடவை ஒரு அக்கா இருந்தாங்கல்ல, அவங்க வரலியா? அவங்கன்னா இவன் ஈன்னு இளிப்பான்லா."

"இன்னைக்கு நான் மட்டும்தாங்க."

எங்கள் முறைப்படி, மடியில் வைத்திருக்கும் தாய் ஹெட்போனில் பாட்டுக் கேட்டபடி கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவர் முகபாவம் குழந்தையை மாற்றிவிடக் கூடாது. நான் வலப்பக்கம், கை எட்டும் தூரத்தில் நின்றேன். நாலு நிமிடம் அழுகைதான். நிறுத்திவிடலாம் என்று கை நீட்டினேன், அழுகை பட்டென்று நின்றது. கவின் காலி முக்காலியைப் பார்த்துச் சிரித்தான், அவன் கண்கள் எதையோ தொடர்ந்து மேலே போயின, கீழே வந்தன, மறுபடி மேலே போயின, திரையில் மூளை அலைகள் அப்படிச் சுத்தமாக ஓடின, முழுதாகப் பத்து நிமிடம். நம்பினால் நம்புங்கள், முதலில் எனக்கு வந்தது பயமல்ல, எரிச்சல். இல்லாதபோதும் அவளைத்தானா?

மாலையில் ஷாமினி படங்கள் அனுப்பினாள். கவின் சிரித்த அதே நேரத்தில் அவள் மெர்சிங்கில் பந்தி பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறாள்.

எங்கள் காணொளிகளைக் காஹாங்கில் வீட்டிலிருந்தே பார்த்துக் குறிப்பெழுதுபவர் பிரேமாக்கா. அவருக்குக் குழந்தையின் முகம் மட்டும்தான் தெரியும். ஒலி கிடையாது, அறையில் யார் இருந்தார்கள் என்றும் சொல்ல மாட்டோம். பார்வை போகும் இடங்களை வைத்து அங்கே எத்தனை பெரியவர்கள் என்று அவர் எழுத வேண்டும். அறையில் இருந்தவர்களை நாங்கள் குறித்துவைக்கும் படிவத்தோடு அது பொருந்தாவிட்டால் பதிவு செல்லாது.

'இரண்டு' என்று எழுதியிருந்தார். அம்மாவும் நானும். பொருந்தியது. ஒப்பந்தம் எனக்குக் கிடைத்தது, ஷாமினி சிங்கப்பூருக்குப் போய்விட்டாள்.

சில மாதம் கழித்து பிரேமாக்காவிடம் பேச்சுவாக்கில் அந்தப் பதிவைப் பற்றிக் கேட்டேன்.

"கவின்தானே? மறக்குமாம்மா அந்தச் சிரிப்பு! ஒண்ணு அவங்க அம்மா, திரும்பித் திரும்பிப் பாக்குறான். இன்னொருத்தவங்க இடது பக்கம், தாழ்வா உட்கார்ந்திருந்தாங்க."

"வலது பக்கம்?"

"அங்க யாரும்மா இருந்தா? அழும்போதுகூட ஒரு தடவையும் அந்தப் பக்கம் பாக்கலியே."

எண்ணிக்கை சரிதான், திருத்த எதுவும் இல்லை. அந்த இரண்டு பேரில் நான் இல்லை என்பதைப் படிவத்தின் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றுதான் இன்றுவரை தெரியவில்லை.