ஜப்பான் பேப்பரில் வந்த எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. இந்தக் கட்டுரையை அண்ணிதான் எழுதியிருக்க வேண்டும். "நீயே எழுது ஆத்தா, நான் எழுதுனா சாபமாத்தான் வரும்" என்று சொல்லிவிட்டார். எனக்கு மட்டும் வாழ்த்தாகவா வரப்போகிறது? இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருப்பவர்களில் பாதிப் பேர், அண்ணன் உயிரோடு இருந்தபோது எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவர்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கட்டுமாவடிக்கு மேற்கே, கடல் காற்று வந்து போகிற விவசாய ஊரில் அண்ணன் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். நான் கடைக்குட்டி. அப்பா சின்ன வயதிலேயே தவறிவிட்டதால் எங்கள் தாய்மாமாதான் குடும்பத்தைத் தூக்கி நிறுத்தினார். அண்ணனைப் புதுக்கோட்டைக்கு அனுப்பிக் கல்லூரியில் படிக்க வைத்ததும், தன் மகளையே அவருக்குக் கட்டிக்கொடுத்ததும் மாமாதான். அந்த மகள்தான் எங்கள் அண்ணி. மாமா செய்ததை மறைக்க எனக்கு மனமில்லை. பிறகு அவர் செய்ததையும் மறைக்கப் போவதில்லை.

படிப்பு முடித்த அண்ணன் ஊருக்கே திரும்பி வந்து, ஒரு நாளிதழுக்கு ஏஜெண்டாகவும் பகுதிநேர நிருபராகவும் சேர்ந்தார். விடிகாலை பஸ்ஸில் வந்து இறங்கும் கட்டைப் பிரித்து வீடு வீடாகப் போடுவார். மீதி நேரம் செய்தி. பாலத்தில் ஓட்டை, பள்ளிக்கூடத்தில் வாத்தியார் இல்லை, கோயிலில் காப்புக்கட்டு என்று எதையும் விடமாட்டார். கட்சிக்காரர்கள் எல்லோரும் அவருக்குச் சொந்தக்காரர்கள்தான், படம் வரும்வரை. படத்துக்குக் கீழே இடமிருந்து வலமாகப் போடும் பெயர்களில் ஒன்று முன்பின் மாறிவிட்டால் அன்று சாயங்காலம் வாசலில் பஞ்சாயத்து நடக்கும். ஒன்று நடந்தது என்று எங்கள் ஊர் நம்புவதற்கு அது பேப்பரில் வந்தாக வேண்டும்.

அப்போதுதான் ஊருக்குக் கிழக்கே, கடல் தண்ணீரைத் தேக்கி வளர்க்கிற இறால் பண்ணை வந்தது. மாமாவும் இன்னும் சிலரும் நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். நிறையப் பேருக்கு வேலை கிடைத்தது, மறுக்கவில்லை. சில வருடங்களில் நாங்கள் குடித்துக்கொண்டிருந்த ஊருணி உப்புக் கரிக்கத் தொடங்கியது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு ஓயவில்லை. பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பக்கத்து ஊருக்கு நடந்தோம். அங்கே எங்களைக் கண்டாலே முகத்தைச் சுளித்தார்கள்.

அண்ணன் அதைச் செய்தியாக எழுதி அனுப்பினார். வரவில்லை. திரும்ப அனுப்பினார். பேப்பர் ஆபீசிலிருந்து போன் வந்தது. "சார், அவங்க நமக்கு விளம்பரம் குடுக்கிறவங்க. வேற ஏதாச்சும் அனுப்புங்களேன்" என்றார்கள். அண்ணன் எரிச்சலில் தேர்த் திருவிழாவைப் பற்றி நாலு வரி எழுதி அனுப்பினார். மறுநாளே படத்தோடு வந்தது. கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தார். ரசீது கிடைத்தது. தண்ணீர் கிடைக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் அந்த ஜப்பான் அம்மா வந்தார். அவர் அந்த நாட்டுப் பெரிய பத்திரிகை ஒன்றின் நிருபர். தங்கள் ஊர்க் கடைகளில் விற்கிற இறால் எங்கிருந்து வருகிறது, எப்படி வளர்கிறது என்று பார்க்க வந்தாராம். புதுக்கோட்டையில் யாரோ அண்ணனைக் கைகாட்டியிருக்கிறார்கள். மொழிபெயர்த்துச் சொல்ல சென்னையிலிருந்து ஒரு தம்பியும் கூட வந்திருந்தார். நானும் அன்று அண்ணன் வீட்டில்தான் இருந்தேன். அண்ணி டீ போட்டார். உப்புத் தண்ணீரில் பால் திரிந்து, டீ கட்டி கட்டியாக மிதந்தது. அண்ணிக்கு அழுகை வந்துவிட்டது. அந்த அம்மா டம்ளரை வாங்கி, முழுவதும் குடித்துவிட்டுத்தான் நோட்டை எடுத்தார்.

அவர்கள் நாட்டில் எத்தனையோ வீடுகளில் காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை வாசலுக்கே பேப்பர் வந்துவிடுமாம். இறாலைப் பற்றி எழுதினால் கடைக்காரர் பதில் சொல்ல வேண்டுமாம். சொல்லாவிட்டால் வாங்குகிற பெண்கள் ஒன்றுகூடிப் போய்க் கேட்பார்களாம். அண்ணன் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என்னிடம், "பாத்தியா, அங்க பேப்பர்ல வந்தா பதில் வருதாம். இங்க பேப்பர்ல வந்தா அதுல பஜ்ஜி வருது" என்றார். அந்த வீட்டில் நாங்கள் மனம்விட்டுச் சிரித்தது அன்றுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

கிளம்பும்போது அந்த அம்மா, பெயர்களைப் போடலாமா என்று கேட்டார். அண்ணன் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "என் பேரப் போட்டுக்கங்கம்மா. ஊரு பேரு வேணாம், நெலம் குடுத்தவங்க பேரும் வேணாம். எல்லாம் எங்க ஆளுக. தண்ணி நல்லா வந்தாப் போதும்."

சில வாரங்களில் அந்தப் பேப்பர் தபாலில் வந்தது. ஊருணிப் படியில் அண்ணன் குடத்தோடு நிற்கிற படம். மேலிருந்து கீழாக எழுத்து. ஊரே வாங்கிப் பார்த்தது. ஒருவருக்கும் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனால் டீக்கடையில் உட்கார்ந்து எல்லோரும் படித்தார்கள். ஒருவர், "நாம இறாலுக்கு வெஷம் வைக்கிறோம்னு எழுதியிருக்கு" என்றார். இன்னொருவர், இந்தப் பெரிய எழுத்துதான் மாமா பெயர் என்று விரல் வைத்துக் காட்டினார். மாமா அதை நம்பினார்.

அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. கப்பலேற வேண்டிய இறாலைக் கொஞ்ச நாள் வேண்டாம் என்று ஜப்பான் கடைக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். எங்கள் மனுவைத் திரும்பிப் பார்க்காத அதிகாரிகள் வரிசையாக ஜீப்பில் வந்து தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப் போனார்கள். பண்ணையை மூடினார்கள். வேலை போனவர்கள் அண்ணனைப் பார்த்தால் காறித் துப்பினார்கள். அவர்கள் வயிறு எரிந்தது எனக்குப் புரிகிறது. மாமா பண்ணியதுதான் இன்றுவரை புரியவில்லை.

வாசலில் நின்றுகொண்டே, "ஒனக்குச் சோறு போட்டு வளத்தேன், என் சோத்துல மண்ணள்ளிப் போட்டுட்டேல்ல" என்றார். தன் மகளைப் பார்த்து, "இன்னையோட எனக்கு மக இல்ல" என்றார். அண்ணன், "மாமா, ஒங்க பேரு அதுல இல்ல" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்த வருடத் திருவிழாவுக்கு அண்ணன் வீட்டுத் தலைக்கட்டு வரியை ஊர் வாங்கவில்லை. வரி வாங்காத வீடு ஊரில் இல்லாத வீடு. கல்யாணம், காதுகுத்து எதற்கும் அழைப்பு இல்லை. நாளிதழும் ஏஜென்சியைப் பிடுங்கிக்கொண்டது. அவருக்கு 'ஜப்பான்காரன்' என்ற பெயர் மட்டும் மிஞ்சியது.

சென்னைக்குப் போய் அந்தப் பக்கத்தை யாரிடமாவது கொடுத்துத் தமிழாக்கி, ஊர்க்கூட்டத்தில் படித்துக்காட்டச் சொல்லி நான் அண்ணனோடு சண்டையே போட்டேன். "நான் சொல்றத நம்ப மாட்டாங்க, அச்சடிச்சுக் காட்டுனா நம்புவாங்களா? அப்படி ஒரு நம்பிக்கை எனக்கு வேணாம்" என்றார். பிடிவாதக்காரர். அந்தப் பிடிவாதம்தான் அவரைத் தின்றது. ஆனால் நான் அவர் பக்கம்தான்.

பிறகு ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. திறப்பு விழா மேடையில் மாமா சால்வையோடு உட்கார்ந்திருந்தார். பேப்பரில் படமும் வந்தது, இடமிருந்து வலமாக எல்லாப் பெயர்களோடும். அண்ணன் கூட்டம் கலைந்த பிறகு ஒரு குடம் பிடித்து வந்தார். அண்ணி டீ போட்டார். பால் திரியவில்லை. "நல்லாருக்குல்ல?" என்று கேட்டுவிட்டு, இன்னொரு டம்ளர் வாங்கிக் குடித்தார்.

கடைசியில் நெஞ்சுவலி என்று புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கேயும் காலையில் பேப்பர் கேட்பார். "நம்ம ஊரு சேதி எதுவும் வந்துருக்கா பாரு" என்பார். வரவில்லை. அவர் இறந்த சேதியும் வரவில்லை. விளம்பரமாகக் கொடுத்தால் போடுகிறோம் என்றார்கள். ஊரார்தான் சுவரொட்டி அடித்தார்கள், 'மூத்த பத்திரிகையாளர்' என்று. அதில் முதல் பெயர் மாமாவுடையது.

கருமாதி முடிந்த மறுநாள் அண்ணன் மகள் அந்தப் பழைய பேப்பரை எடுத்து, அதன் மேல் செல்போனைப் பிடித்தாள். இப்போதெல்லாம் போனே தமிழில் மாற்றிக் காட்டுகிறது. வரிவரியாகப் படித்தாள். ஊர்ப் பெயர் இல்லை. மாமா பெயர் இல்லை. 'என் சொந்தங்கள் மீது எனக்குக் கோபம் இல்லை, தண்ணீர்தான் வேண்டும்' என்று அண்ணன் சொன்னதாக ஒரு வரி இருந்தது. அந்தப் பெரிய எழுத்து இறால் என்ற சொல். எதிரே உட்கார்ந்திருந்த மாமா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "மிசினுதானே, தப்புத்தப்பாத்தான் படிக்கும்" என்றார்.

அண்ணி சொன்னார்: "நீங்க படிச்சதுக்கு அது பரவாயில்லப்பா."

இந்த வருடம் திருவிழா வரி கேட்டு அண்ணி வீட்டுக்கு ஆள் வந்தார்கள். "தலைக்கட்டு போயிருச்சு, இனி யாருக்கு வரி?" என்று அண்ணி கதவைச் சாத்திக்கொண்டார்.

நன்றி சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்கு வாடகை கேட்காமல் ஓட்டிவந்த ஆட்டோத் தம்பிக்கு நன்றி. யார் என்ன சொன்னாலும் அண்ணனுக்கு பெஞ்சில் இடம் விட்டு டீ கொடுத்த கட்டுமாவடி பாய்க்கு நன்றி. திரிந்த டீயைக் குடித்த அந்த அம்மாவுக்கு நன்றி. அண்ணன் இறந்தது அவருக்குத் தெரியாது.

அந்த ஜப்பான் பேப்பர் பக்கத்தை இந்த மலரின் கடைசியில் அப்படியே அச்சிட்டிருக்கிறோம். தமிழாக்கத்தையும் சேர்க்கலாமே என்று அச்சகத்தில் கேட்டார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். படிக்காமலே தீர்ப்புச் சொன்னவர்கள் இன்னொரு முறையும் படிக்காமலே பார்த்துவிட்டுப் போகட்டும்.

நினைவு நாளுக்கு வந்தவர்கள் எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும். இலைக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் தண்ணீர் அந்தக் குழாயில் பிடித்ததுதான். கரிக்காது. தாராளமாகக் குடியுங்கள்.