கிளீனருக்கு ஒரு சாப்பாடு

1. ரெண்டு சாப்பாடு

விருத்தாசலம் ஜங்ஷன் போகும் ரோட்டில் ஒரு பாய் கடையில் பதினோரு வருஷம் சப்ளையராக இருந்தேன். பெயர் கலியமூர்த்தி. கடையில் எல்லோருக்கும் கலியன். அதற்கு முன்பு செராமிக் சூளையில் சுமை ஏற்றி இறக்கும் வேலை. சூட்டிலும் மண் தூசியிலும் இரண்டே வருஷத்தில் இருமல்காரனாகிவிட்டேன். பாய் கடையில் இடம் கிடைத்த அன்று, இனிமேல் செத்தாலும் மண்ணைத் தொடுவதில்லை என்று சொல்லிக்கொண்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

நான் சேர்ந்த முதல் நாள், சூளைகளுக்கு வெள்ளை மண் ஏற்றிப்போகும் லாரி ஒன்று வாசலில் நின்றது. டிரைவர் ஆறுமுகம் உள்ளே வந்து உட்கார்ந்தார்.

"ரெண்டு சாப்பாடு தம்பி. ஒண்ணு எனக்கு, ஒண்ணு கிளீனருக்கு. அவன் உள்ள வரமாட்டான், லாரிகிட்டயே குடுத்துடு."

இலை, சோறு, குழம்பு எல்லாம் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். ஆள் யாருமில்லை. பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஒரு செவலை நாய் உட்கார்ந்து என்னையே பார்த்தது.

"என்னாண்ணே, கிளீனரக் காணும். ஒரு நாய்தான் குந்தியிருக்குது."

"அதாம்பா கிளீனரு. பீடி புடிக்காது, லீவு கேக்காது, வண்டிய வுட்டு நவுராது. நீயும் இருக்கியே, சோத்த எடுத்துக்கிட்டுத் திரும்பி வந்துட்ட!"

கடையே சிரித்தது. முதல் நாளே மானம் போச்சு.

ஆறுமுகம் அண்ணன் அப்படித்தான். நாய்க்கு வைக்காமல் தன் இலையில் கை வைக்கமாட்டார். பெண்டாட்டி, பிள்ளை என்று யாரும் இல்லை. கல்லாவில் இருந்த பாய் என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு சட்டம் சொன்னார்.

"வாயில்லா ஜீவன், நல்லாப் போடு. ஆனா வெளியில, எலையில மட்டும். நம்ம தட்டுல வாய் வெக்கக் கூடாது. வெச்சா ஏழு தண்ணி ஊத்திக் கழுவணும். அதுல ஒண்ணு மண்ணு போட்டு. எங்க மார்க்கம் அது."

சரி பாய் என்றேன். பல வருஷம் அப்படியே நடந்தது.

2. அந்த வெள்ளிக்கிழமை

எழுபதுகளின் தொடக்கம், ஐப்பசி அடைமழை. இன்னொரு சப்ளையர் மூன்று நாளாக வரவில்லை. இரண்டு ஆள் வேலையையும் நானே இழுத்ததில் கால் வீங்கி, செருப்புக்குள் போகவில்லை. அன்றைக்கு இலைக்காரரும் வரவில்லை.

பத்தரை மணிக்கு ஆறுமுகம் அண்ணன் வந்தார். வழக்கம்போல ரெண்டு சாப்பாடு. அடுத்த தெருவில் போய் ஓர் இலை வாங்கிவந்திருக்கலாம். கால் வரமாட்டேன் என்றது. மழைச் சாரலுக்காக வாசலில் சாக்குப் படுதா தொங்கியது. கல்லாவிலிருந்து பாய்க்கு வெளியே தெரியாது. ஒரு தட்டை எடுத்துச் சோற்றைப் போட்டு, லாரி அடியில் வைத்துவிட்டேன். பிறகு தனியாக எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு.

நாய் வழித்து நக்கிய தட்டோடு உள்ளே வரும்போது, இரண்டு மேசையிலிருந்து டீ கேட்டார்கள். கையிலிருந்ததை எச்சில் தொட்டியில் போட்டுவிட்டு ஓடினேன். ஞாபகம் வந்து திரும்புவதற்குள், பாத்திரம் கழுவும் அஞ்சலை எல்லாவற்றையும் அலசி அடுக்கிவிட்டிருந்தாள். நாற்பத்திரண்டு தட்டு. எல்லாம் சூளையில் கழித்துப்போட்ட செகண்ட்ஸ். ஒன்றில் கோணல், ஒன்றில் கரும்புள்ளி, ஒன்றில் கீறல். நான் எடுத்த தட்டில் என்ன குறை என்று யார் பார்த்தது?

ஜும்மா தொழுகை முடிந்ததும் பிரியாணிக்குக் கூட்டம் வந்துவிடும். சொன்னால் வேலை போகும், மறுபடி சூளைதான். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. சொல்ல வேண்டாம் என்றே முடிவு செய்தேன். பொய் எழுத இப்போது எனக்கு என்ன அவசியம்?

பாய்க்கு வயிற்றுப்புண். பதினோரு மணிக்குக் கஞ்சி குடிப்பார். எழுந்து வந்து, அடுக்கிலிருந்து மேல் தட்டை எடுத்தார்.

"பாய், அதுல வேணாம்!"

என் வாய்தான் கத்தியது. அப்புறம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

பாய் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். "எந்தத் தட்டு?"

"தெரியல பாய்."

"யா அல்லா! நாப்பத்திரெண்டையுமா கழுவணும்?" என்று தலையில் கை வைத்தவர், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "டீ மட்டும்னு சொல்லிக் கதவ ஒருக்களிச்சு வையி. தட்ட எல்லாம் அடிபம்புக்கு எடுத்தா."

ஆறுமுகம் அண்ணனுக்கு முகமே செத்துவிட்டது. லாரியிலிருந்து ஒரு பாண்டுச் சட்டி நிறைய வெள்ளை மண் கொண்டுவந்து வைத்தார்.

"சுத்தமான மண்ணா?" என்றார் பாய்.

"கப்பு சாசர் செய்யற மண்ணு பாய். உங்க தட்டே இதுலதான் வந்துது."

3. ஏழு தண்ணி

அஞ்சலை பம்பு அடித்தாள். தொடமாட்டேன் என்ற மண்ணை முழங்கை வரை பூசிக்கொண்டு நான் தேய்த்தேன். பாய் அலசினார். ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். நான்காவது தண்ணி முடிந்தபோது பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். பாய் எழுந்தார்.

"நான் தொழுவப் போறேன். ஏழு ஆவாம ஒரு தட்டும் உள்ள போவக் கூடாது."

ஆறுமுகம் அண்ணனும் லோடு இறக்கக் கிளம்பிவிட்டார். ஐந்தாவது முடிந்தது. தோள் கழன்று விழுந்துவிடும்போல இருந்தது. அஞ்சலை பம்பை விட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

"போதும்யா. கண்ணாடியாட்டம் இருக்குது. யாரு எண்ணப் போறா?"

நியாயமாகத்தான் பட்டது. என் சாமி இதையெல்லாம் கேட்கவில்லை. அரை பீடி நேரம் நானும் உட்கார்ந்திருந்தேன். பிறகு நானே பம்பு அடித்து, நானே கழுவினேன். ஆறு. ஏழு. அழுகை வந்தது. அசதியில் வந்த அழுகைதான்.

தட்டுகளை அடுக்கி முடிக்கவும் பாய் திரும்பி வரவும் சரியாக இருந்தது. வருவார், எத்தனை என்று கேட்பார், நெஞ்சை நிமிர்த்தி ஏழு என்று சொல்லலாம் என்று நின்றேன். அவர் கேட்கவில்லை. மேல் தட்டை எடுத்தார். ஆறிப்போன கஞ்சியை ஊற்றினார். பிஸ்மில்லா சொல்லிக் குடித்தார்.

"பிரியாணிச் சட்டிய எறக்கு கலியா. நாளைக்கு எல வரலன்னா என்னக் கேளு, நான் போய் வாங்கியாறேன்."

வேலை தப்பியது. அதற்கப்புறமும் ஆறுமுகம் அண்ணன் வந்தார், கிளீனரும் வந்தது. இலை இல்லாத நாளில் என் சொந்த அலுமினியத் தட்டில் போட்டேன்.

ஓட்டல் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கால் வலிக்கிற நேரத்தில் கை எதை எடுக்கிறது என்று பாருங்கள். அன்றைக்கு நான் ஏழு தண்ணியும் ஊற்றினேன். ஐந்தோடு நிறுத்தியிருந்தாலும் பாய் அப்படியேதான் பிஸ்மில்லா சொல்லிக் குடித்திருப்பார்.