சார் தோள்மேல் பாபு

பள்ளிக்கூட வாசலைத் தாண்டியதும் என் நைனா எனக்கு நைனா இல்லை, சார். அது அவரே போட்ட சட்டம். வீட்டில் எனக்கு மூக்குச் சிந்திவிட்ட அதே அப்பாவிடம், கொஞ்ச நேரம் கழித்து, "சார், ஒண்ணுக்கு சார்" என்று விரலைத் தூக்க வேண்டும். வாத்தியார் பிள்ளைக்குச் சலுகை என்று யாரும் சொல்லிவிடக் கூடாதாம். யாரும் சொல்லவில்லை. சலுகை மொத்தமும் பாபுவுக்கல்லவா போய்க்கொண்டிருந்தது.

பாபு, ரைஸ் மில்காரர் மகன். நான்காம் வகுப்பு, தமிழ் மீடியம், என் பெஞ்சு. ஆந்திராவில், பிச்சாட்டூர்ப் பக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்குள் தமிழ்தான் என்றாலும், பிள்ளையைத் தெலுங்கு மீடியத்தில் போடுவதுதான் புத்திசாலித்தனம் என்று பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த காலம். பக்கத்து அறையில் தெலுங்குப் பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் அறையில் படுத்துப் புரளலாம். இன்னும் ஒரு தலை குறைந்தால் தமிழ்ப் பிரிவையே எடுத்துவிடுவார்கள் என்று நைனா அம்மாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. மில்காரர் தன் மகனை மாற்றப் பார்க்கிறார் என்பதும் விழுந்தது. எனக்கு அது மிக நல்ல செய்தியாக இருந்தது. குறைய வேண்டிய தலை எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அந்தச் சமயத்தில்தான் நைனா டூர் ஏற்பாடு செய்தார். குடிமல்லம், சந்திரகிரி, கீழ்த் திருப்பதி. காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவது. எங்கள் பிரிவு முழுவதும் ஒரே வேனில் காற்றோட்டமாக அடங்கியது.

"பாபு, வாடா, முன்னால குந்து. வாந்தி வராது" என்றார் நைனா.

வாந்தி எடுக்கிறவன் நான். பாபு கல்லைத் தின்றாலும் செரிக்கிற ஜாதி. நான் பின்சீட்டில் உட்கார்ந்து, கடமை தவறாமல், புத்தூர் வருவதற்குள் வாந்தி எடுத்தேன்.

குடிமல்லத்தில் நாட்டிலேயே மிகப் பழைய லிங்கங்களில் ஒன்று இருக்கிறது. நைனா அதன் பெருமையை எங்கள் எல்லோருக்கும்தான் சொன்னார். ஆனால் பாபுவின் முகத்தைப் பார்த்தே சொன்னார். முடித்துவிட்டு, "யாருக்கினா சந்தேகம் கீதா?" என்று கேட்டார்.

"சார், எப்ப சார் துன்றது?" என்றான் பாபு.

"தோ, போய்க்கினே இருக்கோம்டா கண்ணு." கண்ணு! நான் கேட்டிருந்தால் காது போயிருக்கும்.

சந்திரகிரிக் கோட்டையில் மரத்தடியில் சாப்பாடு. அம்மா எனக்காகத் தட்டிக் கொடுத்த வடைகள் நைனாவின் பையில் இருந்தன. என் அம்மா சுட்ட வடையை என் அப்பாவிடம், "சார், வடை சார்" என்று கை நீட்டிக் கேட்டேன். எனக்கு ஒன்று தந்தார். பாபுவுக்கு இரண்டு. அவன் மென்றுகொண்டிருக்கும்போது நைனா திருமலைப் பக்கம் கையைக் காட்டினார்.

"அந்த மலை தெரிதா? நம்ம பழைய நூல்ல தமிழ்நாட்டு வடக்கு எல்லைன்னு சொன்னது அதத்தான். நாம அதுக்குத் தெக்கால, உள்ளதான் கீறோம். அப்பறம் தமிழ் படிக்க நமக்கு இன்னா கூச்சம்? இன்னா பாபு?"

"ஆமா சார்" என்றான் பாபு. வாய்க்குள் என் வடை.

கடைசியாகக் கீழ்த் திருப்பதி. கோயில் சுவரில், எங்கள் தலைக்கு மேலே, வரி வரியாகத் தமிழ்க் கல்வெட்டு. இதற்காகத்தான் நான் காலையிலிருந்து காத்திருந்தேன். வகுப்பில் பிழையில்லாமல் வாசிக்கிறவன் நான் ஒருவன்தான். இங்கே என்னைத் தூக்கியே ஆக வேண்டும். முன்னால் போய் நின்று, வசதியாகக் கைகளையும் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டேன்.

நைனா என்னைச் சுற்றிக்கொண்டு போய்ப் பாபுவைத் தூக்கித் தோளில் வைத்தார். மில் அரிசி வளர்த்த உடம்பு. நைனாவின் கழுத்து நரம்பு புடைத்தது.

பாபு கல்லை முறைத்தான். "சார், ஒரு 'ம' மாதிரி கீது சார்."

"சபாஷ்! பார்த்தீங்களாடா? எத்தினியோ நூறு வருசத்துக்கு முந்தி எழுதினத நம்ம பாபு படிக்கிறான்!"

எனக்குக் கீழேயிருந்தே நாலைந்து எழுத்து தெரிந்தது. சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் வேன் ஊருக்குள் வந்தபோது மில்காரர் ஸ்கூட்டரோடு நின்றிருந்தார். பாபு இறங்கித் தன் அப்பாவிடம் ஓடினான்.

"நைனா, சூப்பர்! சார் தோள்மேல தூக்கினாரு. நான் தமிழ்லயே படிக்கிறேன்."

மில்காரர் மீசையைத் தடவினார். "சர்லேண்டி சார். பையன் ஆசப்பட்றான். இங்கியே இருக்கட்டும்."

நைனாவின் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. பாபு போகமாட்டான். என் பெஞ்சிலேயே இருப்பான், என் நைனாவின் தோளிலும் இருப்பான். எனக்கு அடக்க முடியவில்லை. சட்டத்தை மறந்து, தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்:

"அப்ப நான் போறேன்! என்னத் தெலுங்கு மீடியத்துல சேத்துடு, நைனா!"

மில்காரர் பெரிதாகச் சிரித்தார். அப்புறம் சிரிப்பு மெல்லக் குறைந்தது. "இன்னா சார் இது? வாத்தியார் புள்ளயே தெலுங்குன்றான். எம் புள்ளய மட்டும் நான் இன்னாத்துக்கு இங்க வெக்கணும்?"

"சின்னப் பையன் சார், தெரியாம..." என்று நைனா ஆரம்பித்தார். ஸ்கூட்டர் கிளம்பிவிட்டது.

அடுத்த வாரமே பாபு பக்கத்து அறைக்குப் போனான். லீவு முடிந்து பள்ளி திறந்தபோது தமிழ்ப் பிரிவே இல்லை; நானும் அங்கேதான், அதே பாபு பக்கத்தில், அதே மாதிரி ஒரு பெஞ்சில். நைனாவை ராமகுப்பத்துக்குத் தூக்கிப் போட்டார்கள். மாவட்டத்தின் மறுகோடி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார், அதுவும் பஸ் கிடைத்தால்.

இதெல்லாம் பிறகு. அன்று வேனிலிருந்து வீட்டுக்கு நடந்தபோது, அடி விழும் என்று நான் நாலடி தள்ளியே வந்தேன். தெரு முனையில் நைனா நின்றார். குனிந்தார்.

"ஏறுடா."

"நானா சார்?"

"சார் இன்னாடா சார். இனிமே நைனான்னே கூப்புடு."

"ஸ்கூல்லயுமா?"

"எங்க வேணாலும்."

ஏறிக்கொண்டேன். பாபுவுக்குக்கூடக் கிடைக்காத சலுகை. பார்க்கிறவர்களுக்கெல்லாம் கேட்கட்டும் என்று, ஒரு காரியமும் இல்லாமல், "நைனா, நைனா" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு தடவையும் அவர், "இன்னாடா" என்றார்.