மலைப்பாதைமேல் போட்ட பழி

பூம்பாறையிலிருந்து கொடைக்கானல் போகிற பஸ்ஸில் யாராவது வாந்தி எடுத்தால் பக்கத்து சீட்டுக்காரர்கூடத் திரும்பிப் பார்க்க மாட்டார். வளைவுகள் அப்படி. பத்தாம் வகுப்பு படிக்கும்போது வாரத்தில் இரண்டு நாளாவது நானும் வாந்தி எடுத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனேன். முகர்ந்து பார்க்க ஒரு எலுமிச்சம்பழம் எப்போதும் பையில் இருக்கும். கண்டக்டர் எனக்கென்றே ஜன்னல் சீட்டைப் பிடித்து வைத்திருப்பார். அவ்வளவு பிரசித்தம்.

ஆனால் டெஸ்ட் இருக்கிற நாளில் மட்டும்தான் எனக்கு வாந்தி வரும். சனிக்கிழமைகளில் அம்மாவோடு பூண்டு மூட்டையை ஏற்றிக்கொண்டு அதே பஸ்ஸில், அதே வளைவுகளில், வழி முழுக்க முறுக்கு தின்றுகொண்டு போவேன். இதை ஒருத்தர்கூடக் கவனிக்கவில்லை என்பதை இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

ஒருநாள் அம்மாவிடம் சொல்லியே விட்டேன்.

"பஸ்ஸுனால இல்லம்மா. பரீச்சைன்னாலே பயமா இருக்கு. வயித்தப் பெரட்டுது."

அம்மா பூண்டுத் தண்டை அறுப்பதை நிறுத்தவில்லை. "நீதான கிளாஸ்ல மொத ரேங்கு? ஒனக்கென்ன பயம்?"

பயந்துதானே அந்த ரேங்க்கை வாங்கினேன்! ஒரு மார்க் குறைந்தால் போதும், கணக்கு டீச்சர் என் பேப்பரைத் தூக்கிக் காட்டி, "இவளே இப்படின்னா மத்தவங்க எப்படி?" என்பார். அதைக் கேட்கக் கூடாது என்றே போட்ட கணக்கை நாலு தடவை போட்டேன். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் என் பயத்தை நம்பியிருப்பார்களோ என்னவோ.

பொதுத்தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது வீட்டில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பள்ளிக்கூடத்தை ஒட்டியிருந்த ஹாஸ்டலில் என்னைச் சேர்த்துவிட்டார்கள்.

"இனிமே பஸ்ஸே ஏற வேணாம். நிம்மதியாப் படி" என்றாள் அம்மா.

எனக்கு உள்ளூர சந்தோஷம்தான். இனி வாந்தி எடுத்தால் பழிபோட ரோடு இல்லையே.

முதல் பரீட்சை தமிழ். ஹால் வாசலிலேயே காலையில் தின்ற இட்லி அத்தனையும் வெளியே வந்துவிட்டது. பக்கெட்டில் தண்ணீரோடு ஓடிவந்த வாட்ச்மேன், "பஸ்ல வந்தியாம்மா?" என்று கேட்டார். அந்தத் தண்ணீரை அவர் தலையிலேயே ஊற்றலாம் போல இருந்தது. வாயைக் கொப்பளித்துவிட்டு எழுதப் போனேன்.

சாயங்காலம் அம்மா பார்க்க வந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"பஸ்ஸே ஏறலம்மா. நாலு எட்டு நடந்துதான் போனேன்."

அம்மா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். ஒருவழியாகப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கல போல. இருக்கட்டும், என்னன்னு கேட்டுட்டு வாரேன்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வார்டனிடம் சண்டைக்குக் கிளம்பிவிட்டாள். நான் அடுத்த பரீட்சைக்கான புத்தகத்தைத் திறந்தேன். கட்டிலில் அசையாமல்தான் உட்கார்ந்திருந்தேன். வயிறு புரட்ட ஆரம்பித்தது.